பிராசஸரை மாற்றும் நேரம் வந்துவிட்டதா என்பதை எப்படி அறிவது?

மேலோட்டமாகப் பார்த்தால், ரைசன் 5 2600 பிராசஸர் இன்னும் போதுமா என்ற ஒரே கேள்வியைத்தான் கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் தந்திருக்கும் விவரங்களோடு சேர்த்துப் படித்தால் அதற்குள் மூன்று கேள்விகள் அடங்கியிருக்கின்றன. ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டு, 16 ஜிபி ரேம், 1080பி துல்லியமும் நொடிக்கு 144 முறை படத்தைப் புதுப்பிக்கும் வேகமும் (144 ஹெர்ட்ஸ்) கொண்ட மானிட்டர் ஆகியவற்றோடு அந்தப் பிராசஸரைப் பயன்படுத்துகிறீர்கள். கூட்டம் நிறைந்த நகரக் காட்சிகளில் கேம் திக்குகிறது. விண்டோஸின் டாஸ்க் மேனேஜரில் பிராசஸரின் பயன்பாடு 50 சதவீதத்தைத் தாண்டுவதில்லை. நண்பரோ மதர்போர்டு உட்பட எல்லாவற்றையும் மாற்றச் சொல்கிறார். ஆகவே, திக்கலுக்குக் காரணம் பிராசஸர்தானா என்பது முதல் கேள்வி. அதுதான் காரணம் என்றால் அதை மட்டும் மாற்றினால் போதுமா என்பது இரண்டாவது. இப்போதே மாற்றுவதா, காத்திருப்பதா என்பது மூன்றாவது. வீட்டுக் கணினிகளைப் பொருத்தித் தருவதும் பழுது பார்ப்பதும் பல ஆண்டுகளாக என் தொழில். முதல் கேள்விக்கு விடை காணாமலே மூன்றாவதற்குத் தாவிவிடுபவர்கள்தான் என்னிடம் அதிகம் வருகிறார்கள் என்பதால், வரிசை மாறாமல் பதில் சொல்கிறேன்.

ஒரு ஃப்ரேம், அதாவது அசையும் காட்சியின் ஒரு தனிப் படம், திரைக்கு வருவதற்கு முன் இரண்டு கட்டமாக வேலை நடக்கிறது. எந்தப் பாத்திரம் எங்கே நிற்கிறது, எது எதன்மேல் மோதுகிறது, எதிரி அடுத்து என்ன செய்யப்போகிறான், இந்தக் கணத்தில் கேமராவின் பார்வைக்குள் என்னென்ன வருகின்றன என்பதையெல்லாம் பிராசஸர் கணக்கிட்டு, அவற்றை வரைவதற்கான கட்டளைகளாக்கி கிராபிக்ஸ் கார்டிடம் தருகிறது. கார்டு அந்தக் கட்டளைகளை ஒளியும் நிழலும் நிறமும் கொண்ட படமாக வரைகிறது. இரண்டும் ஒரே நேரத்தில் வெவ்வேறு ஃப்ரேம்களைக் கையாள்வதால், நொடிக்கு எத்தனை ஃப்ரேம் கிடைக்கும் என்பதை இரண்டில் மெதுவானதே தீர்மானிக்கிறது. செங்கல் கைமாற்றும் இருவரில் ஒருவர் எவ்வளவு சுறுசுறுப்பாக இருந்தாலும், செங்கல் போய்ச் சேரும் வேகம் மற்றவருடையதாகவே இருக்கும். நொடிக்கு 60 ஃப்ரேம் வேண்டுமானால் ஒவ்வொரு கட்டமும் 16.7 மில்லிநொடிக்குள் முடிய வேண்டும்; 144 வேண்டுமானால் 6.9 மில்லிநொடிதான் அவகாசம். பிராசஸரை மாற்றலாமா என்று யார் கேட்டாலும் நான் அதை இந்தக் கணக்காகத்தான் எடுத்துக்கொள்வேன்: நீங்கள் விரும்பும் கேமில், உங்கள் மானிட்டர் கேட்கும் அவகாசத்துக்குள், பிராசஸர் தன் பங்கை முடிக்கிறதா? முடித்துவிடுகிறது என்றால் அது எந்த ஆண்டு வெளிவந்தது என்பது ஒரு பொருட்டல்ல. முடிக்கவில்லை என்றால் அது போன ஆண்டு வாங்கியதாகவே இருந்தாலும் தடைதான்.

இனி அந்த 50 சதவீதத்துக்கு வருகிறேன், ஏனெனில் உங்கள் குழப்பத்தின் வேர் அதுதான். உங்கள் பிராசஸரில் 6 கோர்கள் (கணக்கிடும் அலகுகள்), 12 த்ரெட்கள் (ஒரே நேரத்தில் நடத்தக்கூடிய வேலைச் சரடுகள்) இருக்கின்றன. டாஸ்க் மேனேஜர் காட்டும் எண் இந்தப் பன்னிரண்டின் சராசரி. அதாவது ஒரு த்ரெட் முழுமையாக நிரம்பினாலும் மொத்தக் கணக்கில் அது 8.3 சதவீதம் மட்டுமே. பெரும்பாலான கேம்களில் வேலை முழுவதையும் ஒருங்கிணைக்கும் முதன்மை த்ரெட் ஒன்று உண்டு. மற்ற த்ரெட்களுக்கு எவ்வளவு பகிர்ந்து கொடுத்தாலும், ஒவ்வொரு ஃப்ரேமும் அந்த ஒரு த்ரெட் முடியும்வரை காத்திருந்தே ஆக வேண்டும். ஆகவே மொத்தப் பயன்பாடு 50 சதவீதமாக இருக்கும்போதே பிராசஸர் தன் எல்லையைத் தொட்டிருக்கலாம். தனித்தனி கோர்களின் வரைபடத்தைத் திறந்து பார்த்தாலும் எதுவும் 100 சதவீதத்தில் நிற்காமல் போகலாம், ஏனெனில் விண்டோஸ் ஒரு த்ரெட்டை ஒரே கோரில் வைத்திருக்காமல் இடம் மாற்றிக்கொண்டே இருக்கும். வரைபடம் அதையும் சராசரியாக்கிவிடும். எனவே பிராசஸரின் சதவீதத்தைப் பார்த்துப் பிராசஸரைத் தீர்ப்பிட வேண்டாம். கிராபிக்ஸ் கார்டின் சதவீதத்தைப் பாருங்கள்.

சோதனையைச் செய்யும் முறை எளிது, ஆனால் அதன் நிபந்தனைகளைக் கடைப்பிடிக்க வேண்டும். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் போன்ற ஏதாவது ஒரு மென்பொருளை நிறுவி, கார்டின் பயன்பாடு, நொடிக்கான ஃப்ரேம் எண்ணிக்கை, ஃப்ரேம் நேர வரைபடம் ஆகிய மூன்றும் திரையின் ஓரத்தில் தெரியும்படி வையுங்கள். இன்டெல் இலவசமாகத் தரும் பிரசன்ட்மான், ஒரு ஃப்ரேமில் கார்டு எவ்வளவு நேரம் வேலை செய்தது என்பதையும் தனியாகக் காட்டும். அது இந்தக் கேள்விக்கு இன்னும் நேரடியான விடை. ஃப்ரேம்களை மானிட்டரின் வேகத்தோடு பிணைக்கும் வி-சிங்க்கையும் ஃப்ரேம் வரம்பையும் நிறுத்திவிடுங்கள், இல்லையென்றால் கார்டு வேண்டுமென்றே ஓய்வெடுப்பதைப் பிராசஸரின் குறை என்று எண்ணிவிடுவீர்கள். பிறகு, கேமில் வரும் பெஞ்ச்மார்க் (வேகச் சோதனை) காட்சியில் அல்லாமல், உங்களுக்கு எங்கே திக்குகிறதோ அதே நகரத் தெருவில் நின்று பாருங்கள். கார்டின் பயன்பாடு 95 சதவீதத்துக்கு மேல் இருந்தால் தடை கார்டுதான்; பிராசஸரை மாற்றினால் ஏறக்குறைய ஒன்றும் கிடைக்காது. 60, 70 சதவீதத்தில் கிடந்து, ஃப்ரேம் எண்ணிக்கையும் நீங்கள் விரும்புவதைவிடக் குறைவாக இருந்தால், கார்டு வேலைக்காகக் காத்திருக்கிறது என்று பொருள்.

இதை உறுதிப்படுத்த, அதே இடத்தில் நின்றபடி திரைத் துல்லியத்தை மட்டும் 1080பியிலிருந்து 720பிக்குக் குறையுங்கள். வரைய வேண்டிய புள்ளிகள் ஏறத்தாழ 20.7 லட்சத்திலிருந்து 9.2 லட்சமாகக் குறையும். பிராசஸரின் வேலையோ அப்படியே இருக்கும். ஃப்ரேம் எண்ணிக்கை கிடுகிடுவென ஏறினால் கார்டு தடை, அசையாமல் நின்றால் பிராசஸர் தடை. இங்கே பலர் தவறுவது ஓரிடத்தில்தான்: துல்லியத்தைக் குறைப்பதற்குப் பதிலாக, தரத்தை 'லோ' என்று மொத்தமாக இறக்கிவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் கூட்டத்தின் அடர்த்தி, பார்வைத் தூரம் போன்ற பிராசஸரின் சுமைகளும் சேர்ந்து குறைந்துவிடும். சோதனை எதையும் நிரூபிக்காது. முடிவு எப்போதும் இப்படித் தெளிவாகப் பிரியும் என்று சொல்ல மாட்டேன். ஒரே கேமில் காட்டுவெளியில் கார்டும் நகரத்துக்குள் பிராசஸரும் தடையாக இருப்பது மிகச் சாதாரணம். கார்டின் பயன்பாடு 85, 90 என்று ஊசலாடும் நிலையில் இரண்டும் ஏறத்தாழச் சமமாக இருக்கின்றன என்றே கொள்ள வேண்டும், அப்போது எதை மாற்றினாலும் பலன் சிறிதாகத்தான் இருக்கும்.

சோதனை பிராசஸரைக் காட்டினாலும் உடனே வாங்கக் கிளம்ப வேண்டாம், ஏனெனில் சோதனை சுட்டுவது பிராசஸர் இருக்கும் பக்கத்தை மட்டுமே. அந்தப் பக்கத்தில் ரேமும் இருக்கிறது, கூலரும் இருக்கிறது. உங்கள் தலைமுறை ரைசனில் கோர் தொகுதிகளை இணைக்கும் உள்பாதையின் வேகம் ரேமின் வேகத்தோடு பிணைக்கப்பட்டிருப்பதால், ரேம் மெதுவாக ஓடினால் பிராசஸரும் சேர்ந்து தளர்கிறது. 3200 என்று அட்டையில் எழுதியிருக்கும் ரேம், மதர்போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸில், ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி அமைப்பை இயக்காத வரை 2133 அல்லது 2400 வேகத்தில்தான் ஓடிக்கொண்டிருக்கும். என்னிடம் வரும் கணினிகளில் இந்த அமைப்பு தொடப்படாமலே இருப்பதை அடிக்கடி பார்க்கிறேன். டாஸ்க் மேனேஜரின் மெமரிப் பக்கத்தில் வேகமும், எத்தனை ஸ்லாட்கள் நிரம்பியிருக்கின்றன என்பதும் தெரியும். 16 ஜிபி ஒரே குச்சியாக இருந்தால் இரட்டைத் தடத்தில் கிடைக்க வேண்டிய தரவு கடத்தும் திறனில் பாதிதான் கிடைக்கிறது. அதே வகையில் இன்னொரு குச்சி சேர்ப்பது பிராசஸர் மாற்றத்துக்கு முன்பே செய்ய வேண்டிய வேலை. ஏற்கெனவே இரண்டு குச்சிகள் இருந்தால், அவை மதர்போர்டின் கையேடு சொல்லும் ஸ்லாட்களில்தான் இருக்கின்றனவா என்று பாருங்கள். அடுத்தது வெப்பம். 2600க்கு அனுமதிக்கப்பட்ட உச்சம் 95 டிகிரி. கூலரில் தூசி அடைந்து, தெர்மல் பேஸ்ட் காய்ந்து, அந்த உச்சத்தை நெருங்கினால் பிராசஸர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

திக்கல் எல்லாமே பிராசஸரின் குற்றமும் அல்ல. நொடிக்கு 90 ஃப்ரேம் சராசரியாக ஓடும் கேம் திடீரென அரை நொடி உறைந்து மீண்டால், அது பெரும்பாலும் புதிய காட்சிக்கான ஷேடர்களை (எப்படி வரைவது என்று கார்டுக்குச் சொல்லும் சிறு நிரல்களை) அந்த இடத்திலேயே தொகுப்பதால் வருவது, அல்லது புதிய பகுதியைச் சேமிப்பகத்திலிருந்து இழுப்பதால் வருவது. அன்ரியல் எஞ்சினில் உருவான பல கேம்களில் மிக வேகமான பிராசஸரிலும் இது தொடர்வதைப் பார்க்கலாம்; பிராசஸர் மாற்றினால் உறைவின் நீளம் குறையும், உறைவு ஒழியாது. அதே தெருவில் இரண்டாம் முறை நடக்கும்போது திக்கவில்லை என்றால் இந்த வகை என்று கொள்ளலாம். மாறாக, அந்தத் தெருவில் எத்தனை முறை நடந்தாலும் ஃப்ரேம் எண்ணிக்கை ஒரே அளவுக்குச் சரிந்து, வெளியே வந்ததும் மீண்டால், பிராசஸர்மேல் சந்தேகம் வலுக்கிறது. சராசரி எண் இந்த வேறுபாட்டைக் காட்டாது. மிக மெதுவான ஒரு சதவீத ஃப்ரேம்களைக் கொண்டு கணிக்கும் '1% லோ' என்ற எண்தான் காட்டும். பிராசஸரை மாற்றியவர்கள் "சராசரி அதிகம் ஏறவில்லை, ஆனால் கேம் வழுவழுப்பாகிவிட்டது" என்று சொல்வதன் பொருளும் இந்த எண் ஏறியிருக்கிறது என்பதுதான்.

இலவசமான இன்னொரு வழி கேமின் அமைப்புகளிலேயே இருக்கிறது. டெக்ஸ்சர் (பரப்புகளின்மேல் ஒட்டும் படம்) தரம், ஆன்டி-ஏலியசிங் (ஓரங்களை வழுவழுப்பாக்குதல்) போன்றவை கார்டின் சுமை. அவற்றைக் குறைத்துப் பிராசஸருக்கு ஒரு பயனும் இல்லை. கூட்டத்தின் அடர்த்தி, பொருள்கள் தெரியும் தூரம், இயற்பியல் விளைவுகள் ஆகியவை பிராசஸரின் சுமை. சைபர்பங்க் 2077இல் கூட்ட அடர்த்தி தனி அமைப்பாகவே இருக்கிறது. பால்டர்ஸ் கேட் 3இன் மூன்றாம் பாகத்தில் வரும் பெருநகரம், முந்தைய இரு பாகங்களிலும் சிரமப்படாத பிராசஸர்களையும் மூச்சு வாங்க வைப்பதற்குக் காரணம் அங்கே நடமாடும் மனிதர்களின் எண்ணிக்கைதான். ஒளி செல்லும் பாதையைக் கணக்கிட்டு வரையும் ரே டிரேசிங், கார்டின் வேலை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். காட்சியின் வடிவியல் கட்டமைப்பை ஒவ்வொரு ஃப்ரேமிலும் புதுப்பிப்பதில் பிராசஸருக்கும் கணிசமான பங்கு உண்டு. உங்கள் கேமில் அது இயக்கத்தில் இருந்தால் நிறுத்திப் பாருங்கள். இந்த மூன்று நான்கு அமைப்புகளில் ஒரு படி இறங்கியதும் பிரச்சினை தீர்ந்து, படத்தின் அழகில் உங்களுக்குக் குறையும் தெரியவில்லை என்றால், மாற்றும் நேரம் இன்னும் வரவில்லை.

அடுத்து, உங்கள் இலக்கு என்ன என்பதை நீங்களே தீர்மானிக்க வேண்டும், ஏனெனில் இதை உங்களுக்காக வேறு யாரும் தீர்மானிக்க முடியாது. கதை சார்ந்த கேம்களை நொடிக்கு 60 ஃப்ரேமில் சீராக விளையாடுவது போதும் என்பவருக்கு 2600 பல கேம்களில் இன்னும் தாக்குப்பிடிக்கும். கவுன்டர்-ஸ்டிரைக் 2 போன்ற போட்டிக் கேமில் 144க்குக் கீழே இறங்கவே கூடாது என்பவருக்கு அதே பிராசஸர் எப்போதோ காலாவதியாகிவிட்டது. துல்லியம் உயர உயரச் சுமை கார்டின் பக்கம் நகர்கிறது. 4கே திரையில் 1080பியைப்போல நான்கு மடங்கு புள்ளிகள் இருப்பதால் அங்கே பிராசஸர்களுக்கு இடையிலான வேறுபாடு பெரும்பாலும் மறைந்துவிடும். ஆனால் டிஎல்எஸ்எஸ், எஃப்எஸ்ஆர் ஆகியவற்றை இயக்கியதும் கார்டு உண்மையில் குறைந்த துல்லியத்தில் வரைந்து பெரிதாக்குவதால், தடை மீண்டும் பிராசஸரை நோக்கித் திரும்புகிறது. ஃப்ரேம் ஜெனரேஷன் இடையிடையே ஃப்ரேம்களைத் தானே உருவாக்கிச் செருகுவதால் பிராசஸர் தடையாக இருக்கும் இடத்திலும் எண்ணிக்கை உயரும். ஆனால் உங்கள் கை அசைவுக்குக் கேம் பதிலளிக்கும் தாமதம் அதனால் குறையாது, சற்றுக் கூடவும் செய்யும். அதைப் பிராசஸர் மாற்றத்துக்கு ஈடாக நான் கருதுவதில்லை.

பிராசஸர் மதிப்பாய்வுகளைப் படிக்கும்போதும் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மதிப்பாய்வாளர்கள் பிராசஸர்களின் வேறுபாட்டை வெளிக்கொணர வேண்டும் என்பதற்காகவே, சந்தையின் மிக வேகமான கார்டைப் பொருத்தி, 1080பியில் சோதிக்கிறார்கள். முறை சரியானதுதான். ஆனால் அங்கே 40 சதவீத வேறுபாடு தெரிந்தால் அது உங்கள் ஆர்டிஎக்ஸ் 3060இல் 40 சதவீதமாக வந்து சேராது. உங்கள் கார்டு தன் எல்லையை எட்டும் இடத்தில் பலன் நின்றுவிடும். அந்த எல்லை எங்கே என்பதை மேலே சொன்ன 720பி சோதனையின் மறுபக்கமாக நீங்களே அறியலாம்: கூட்டமில்லாத ஓர் இடத்தில், கார்டு 98, 99 சதவீதத்தில் ஓடும்போது எத்தனை ஃப்ரேம் வருகிறதோ, ஏறத்தாழ அதுதான் புதிய பிராசஸர் உங்களுக்குத் தரக்கூடிய உச்சம்.

இத்தனைக்குப் பிறகும், 2600ஐப் பற்றிய என் பொதுவான கருத்து என்னவென்றால், அது இப்போது எல்லைக்கோட்டில் நிற்கும் பிராசஸர். அதற்கான காரணம் கேம்கள் யாருக்காக எழுதப்படுகின்றன என்பதில் இருக்கிறது. 2013இல் வந்த பிளேஸ்டேஷன் 4இல் இருந்தவை 1.6 கிகாஹெர்ட்ஸில் ஓடிய எட்டு பலவீனமான கோர்கள். அவற்றுக்காக எழுதப்பட்ட கேம்களை 2011இன் நாற்கோர் பிராசஸர்கூடக் கணினியில் எளிதாகச் சமாளித்தது, அதனால்தான் அந்தக் காலத்தில் பிராசஸரைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. 2020இல் வந்த பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் எக்ஸ் இரண்டிலும் ஏஎம்டியின் ஜென் 2 வடிவமைப்பிலான எட்டு கோர்கள் இருக்கின்றன. உங்கள் 2600 அதற்கு முந்தைய ஜென் பிளஸ் வடிவமைப்பைச் சேர்ந்தது; கோர்களும் ஆறுதான். கன்சோலில் 30 அல்லது 60 ஃப்ரேமுக்காக எழுதப்பட்ட ஒரு கேமைக் கன்சோலைவிடப் பழைய வடிவமைப்பில் அதைவிட அதிக ஃப்ரேமில் ஓட்ட விரும்புகிறீர்கள் என்பதுதான் சிக்கல். பழைய கன்சோல்களுக்கும் சேர்த்து எழுதும் வழக்கம் குறைந்துவிட்டதால் இந்த நெருக்கடி கூடுமே தவிரக் குறையாது என்று நினைக்கிறேன். அடுத்து வரும் ஒவ்வொரு கேமும் எவ்வளவு கேட்கும் என்பதை மட்டும் யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது.

இப்போது இரண்டாவது கேள்வி. இதில் உங்கள் நண்பர் சொல்வதை நான் ஏற்கவில்லை. உங்கள் மதர்போர்டில் பிராசஸரைப் பொருத்தும் இடம் ஏஎம்4 என்ற சாக்கெட். அதே சாக்கெட்டில் 2020இன் இறுதியில் ஜென் 3 வடிவமைப்பிலான ரைசன் 5000 வரிசை வந்தது. 2022இல் பழைய 300 வரிசை போர்டுகளுக்கும் (ஏ320, பி350 போன்றவை) அதற்கான ஆதரவு திறந்துவிடப்பட்டது. ரைசன் 5 5600ஐ எடுத்துக்கொள்வோம். ஒரே கடிகார வேகத்தில் ஜென் 2 அதன் முன்னோடியைவிட 15 சதவீதமும், ஜென் 3 ஜென் 2ஐவிட 19 சதவீதமும் அதிக வேலை செய்யும் என்பது ஏஎம்டி அறிவித்த கணக்கு; உச்ச வேகமும் 3.9இலிருந்து 4.4 கிகாஹெர்ட்ஸாக உயர்கிறது. மூன்றையும் பெருக்கினால் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு வருகிறது. இது காகிதக் கணக்கு. தயாரித்த நிறுவனமே சொன்ன எண்களிலிருந்து வந்தது. கேமுக்குக் கேம் கூடவோ குறையவோ செய்யும். இருந்தாலும் பிராசஸர் தடையாக இருக்கும் இடங்களில் நான் பொருத்திய கணினிகளில் கிடைத்த மாற்றம் இந்த அளவுக்குத் தொலைவில் இல்லை. 2600இல் 16 எம்பி எல்3 கேஷ் (பிராசஸருக்குள்ளேயே இருக்கும் வேக நினைவகம்) இரண்டு பாதிகளாகப் பிரிந்து கிடக்கிறது. 5600இல் 32 எம்பி ஒரே தொகுதியாக ஆறு கோர்களுக்கும் பொதுவாக இருக்கிறது. கேம்களில் '1% லோ' ஏறுவதற்கு இந்தக் கேஷ் மாற்றம் முக்கியக் காரணம். இரண்டுமே 65 வாட் பிராசஸர்கள் என்பதால் உங்கள் போர்டின் மின்பகுதிக்கும் புதிய சுமை எதுவும் இல்லை.

அதே சாக்கெட்டில் இன்னும் மேலே போக விரும்பினால், 96 எம்பி கேஷ் கொண்ட 5700எக்ஸ்3டி, 5800எக்ஸ்3டி ஆகியவை உண்டு. நகரம் கட்டும் கேம்கள், விமானச் சிமுலேட்டர்கள், ஃபேக்டோரியோ போல ஆயிரக்கணக்கான பொருள்களை ஒவ்வொரு கணமும் கணக்கிடும் கேம்கள் இவற்றில் கூடுதல் கேஷ் அசாதாரணமாகப் பயன்படும். மற்றவற்றில் ஆர்டிஎக்ஸ் 3060ஐ வைத்துக்கொண்டு அந்த வேறுபாட்டைப் பார்ப்பது கடினம். இவை 105 வாட், கூலர் இல்லாமல் வருபவை, புதிதாகக் கிடைப்பதும் அரிதாகிவிட்டது. பழையதாக வாங்கினால் அடியில் உள்ள ஊசிகள் வளையாமல் இருக்கின்றனவா என்று பார்த்து வாங்குங்கள்.

இன்டெல் கணினி வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சலுகை குறைவு என்பதையும் சொல்லிவிடுகிறேன். 6, 7ஆம் தலைமுறைகளுக்கும் 8, 9ஆம் தலைமுறைகளுக்கும் சாக்கெட்டின் பெயர் ஒன்றாகவே இருந்தும் போர்டுகள் பொருந்தாது. 12 முதல் 14ஆம் தலைமுறை வரை ஒரே சாக்கெட் என்பதால் 12ஆம் தலைமுறைக்காரர்கள் மட்டும் வசதியாக இருக்கிறார்கள்; அவர்களும் 13, 14ஆம் தலைமுறைப் பிராசஸரைப் பொருத்துவதற்கு முன், மின்னழுத்தக் கோளாறைச் சரிசெய்ய 2024 ஆகஸ்ட் முதல் வந்த மைக்ரோகோடு (பிராசஸரின் உள்கட்டளைத் தொகுப்பு) அடங்கிய பயாஸை ஏற்ற வேண்டும், ஏற்கெனவே பாதிக்கப்பட்ட சில்லை அந்தப் பயாஸ் மீட்காது.

முழு மாற்றம் எப்போது நியாயம்? அதே சாக்கெட்டில் போக இடமில்லாதபோது, அல்லது அந்த சாக்கெட்டின் உச்சமும் உங்கள் இலக்கை எட்டாதபோது. ஏஎம்டியின் அடுத்த சாக்கெட்டான ஏஎம்5க்கு மாறினால் பிராசஸரோடு போர்டும் டிடிஆர்5 ரேமும் கட்டாயம். மூன்றையும் சேர்த்துச் செலவிட்ட பிறகும் கார்டு அதேதான் என்றால் பெரும்பகுதி வேகம் பயன்படாமல் கிடக்கும். இரண்டு மூன்று ஆண்டுகளில் இன்னும் வலுவான கார்டு வாங்கும் திட்டம் இருந்தால், அப்போது முழுவதையும் சேர்த்து மாற்றுவதே கணக்குக்குச் சரியாக வரும். மூன்றாவது கேள்வியைப் பொறுத்தவரை, அடுத்த தலைமுறை வரட்டும் என்ற காத்திருப்பில் எனக்கு நம்பிக்கை இல்லை, அடுத்தது எப்போதும் வந்துகொண்டேதான் இருக்கும். வெளியீட்டு நாள் அறிவிக்கப்பட்டு சில வாரங்களே இருந்தால் மட்டும் பொறுத்திருக்கலாம். வேகத்தோடு தொடர்பில்லாத கட்டாயங்களும் உண்டு. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஆதரிக்கும் பிராசஸர்களின் பட்டியலில் உங்கள் ரைசன் 5 2600 இருக்கிறது, ரைசன் 1000 வரிசையும் இன்டெல்லின் 7ஆம் தலைமுறையில் பெரும்பாலானவையும் இல்லை. உங்களுக்கு அந்த நெருக்கடி இல்லை.

மாற்றுவதென்று முடிவானால், வரிசை முக்கியம். பழைய பிராசஸர் உள்ளே இருக்கும்போதே பயாஸைப் புதுப்பியுங்கள். புதியதைப் பொருத்திய பிறகு திரையே வராமல் தவிப்பவர்களில் பாதிப்பேர் இதை மறந்தவர்கள்தான். விண்டோஸில் பிட்லாக்கர் அல்லது சாதனக் குறியாக்கம் இயக்கத்தில் இருந்தால் அதன் மீட்புச் சாவியை வேறோர் இடத்தில் எழுதி வையுங்கள், ஏனெனில் பிராசஸரோடு அதற்குள் இருக்கும், சாவிகளைக் காக்கும் டிபிஎம் பகுதியும் மாறுவதால் முதல் முறை இயக்கும்போது விண்டோஸ் அந்தச் சாவியைக் கேட்கக்கூடும். கூலரைக் கழற்றும்முன் பத்து நிமிடம் ஏதாவது கேமை ஓட்டிச் சூடாக்கி, கணினியை அணைத்து, மின்கம்பியைக் கழற்றிவிட்டு, கூலரை இடமும் வலமுமாக மெல்லத் திருகிய பிறகே தூக்குங்கள். ஏஎம்4இல் ஊசிகள் பிராசஸரின் அடியில் இருக்கின்றன, மேலிருந்து பிடித்துக்கொள்ளும் சட்டமும் இல்லை. காய்ந்த பேஸ்ட்டோடு நேராக இழுத்தால் பூட்டிய சாக்கெட்டிலிருந்து பிராசஸரே பிடுங்கிக்கொண்டு வரும்.

ஆகவே உங்களுக்கு என் பதில் இது. எக்ஸ்எம்பி, ரேம் குச்சிகளின் எண்ணிக்கை, வெப்பம் ஆகியவற்றை இன்றே பாருங்கள். பிறகு அந்த நகரத் தெருவில் இரண்டு சோதனைகளையும் செய்யுங்கள். கார்டின் பயன்பாடு 80 சதவீதத்துக்குக் கீழே கிடந்து, 720பியிலும் எண்ணிக்கை ஏறவில்லை என்றால், 5600ஐ வாங்கிப் பொருத்துங்கள். நீங்கள் சொல்லும் அறிகுறிகளை வைத்துப் பார்த்தால் முடிவு அப்படித்தான் வரும் என்று எதிர்பார்க்கிறேன். கார்டுதான் நிரம்பியிருக்கிறது என்று வந்தால் பிராசஸரைத் தொட வேண்டாம். உங்கள் மதர்போர்டின் பெயரை மட்டும் நீங்கள் குறிப்பிடவில்லை. பி450, எக்ஸ்470 என்றால் தயக்கமில்லை. ஏ320 அல்லது பி350 என்றால் தயாரிப்பாளரின் பக்கத்தில் உங்கள் போர்டின் துல்லியமான மாடலைத் தேடி, ஆதரிக்கும் பிராசஸர்களின் பட்டியலில் 5600 இருக்கிறதா, எந்தப் பயாஸ் பதிப்பிலிருந்து என்று பார்த்த பிறகு பணத்தைக் கொடுங்கள். மாடல் எண்ணும் அதன் திருத்தப் பதிப்பு எண்ணும் பெரும்பாலும் போர்டின் மேலேயே அச்சிடப்பட்டிருக்கும்.